ரோமிலிருந்து வெனிஸ் வரை: இருவர் போகும் ரயில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பா போகத் திட்டமிடும் கணவன் மனைவி முதலில் தேடுவது ஹோட்டல் அறை. முதலில் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. இத்தாலியில் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர் பார்ப்பவர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறேன்.

இந்த மூன்று ஊரிலும் ரயில் நம்மைப் பழைய நகரத்தின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ரோமின் டெர்மினி நிலையத்தை விட்டு வெளியே வந்தால், கி.மு. நான்காம் நூற்றாண்டின் மதில் ஒன்று துண்டாக நிற்கும். டெர்மினி என்ற பெயரே பக்கத்தில் இருக்கும் டயோக்ளீஷியன் பேரரசரின் குளியல் மண்டபங்களிலிருந்து, அதாவது ‘தெர்மே’யிலிருந்து வந்தது. புளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு எதிரே, அதே பெயருள்ள தேவாலயத்தின் முதுகுப்புறம் தெரியும். அங்கிருந்து பெரிய கோவிலான துவோமோவுக்குப் பத்து நிமிட நடை. விமானத்தில் போகிறவர்களுக்கு இந்தப் பேறு கிடையாது.

ஆனால் முன்பதிவில் ஒரு பெயரை மாற்றி அழுத்தினால் அந்தப் பேறு போய்விடும். ரோமில் டிபுர்டினா என்று இன்னொரு பெரிய நிலையம் இருக்கிறது. புளோரன்ஸில் காம்போ தி மார்த்தே. வெனிஸில் மெஸ்த்ரே. சில அதிவேக வண்டிகள் இவற்றில் மட்டும் நின்று போகும். ஐந்து யூரோ குறைவு என்று அதை வாங்கிவிட்டு, சூட்கேஸோடு மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து அலைவதில் லாபம் எதுவும் இல்லை. டிக்கெட்டில் ‘ரோமா டெர்மினி’, ‘ஃபிரென்சே எஸ். எம். என்.’ (புளோரன்ஸ் சாந்தா மரியா நொவெல்லா), ‘வெனேட்ஸியா சாந்தா லூச்சியா’ (வெனிஸ் தீவிலேயே உள்ள நிலையம்) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டிக்கெட் இரண்டு வகை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் அபராதம் கட்டுகிறார்கள். ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக வண்டிகளில் குறிப்பிட்ட ரயில், கோச், இருக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். விலை விமான டிக்கெட் போல ஏறும், இறங்கும். சில மாதங்களுக்கு முன்பே வாங்கினால் மலிவு. ஆனால் மிக மலிவான டிக்கெட்டைப் பெரும்பாலும் மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட்டும் போயிற்று. விமானம் ரோமில் இறங்கும் அன்றே புளோரன்ஸ் போகிறவர்கள், அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமாவது மாற்றக்கூடிய ‘பாஸே’ கட்டணத்தில் வாங்குங்கள். விமானத் தாமதத்துக்கு ரயில் கம்பெனி பொறுப்பேற்காது. ரயிலே தாமதமானால் கதை வேறு: ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் கேட்டு வாங்க ஐரோப்பிய விதி இடம் தருகிறது.

இரண்டாவது வகை ‘ரெஜியோனாலே’, உள்ளூர் வண்டி. இதில் இருக்கை எண் கிடையாது, விலையும் ஏறாது. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தின் முனையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை போட வேண்டும். செருகி ஒரு பக்கமாக நகர்த்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், தேதியும் நேரமும் பதியும். சத்தம் வந்துவிட்டது என்று நடையைக் கட்டாதீர்கள். மை தீர்ந்துபோன இயந்திரம் சத்தம் மட்டும் போடும். எழுத்து விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விழவில்லை என்றால் அடுத்த இயந்திரம். அதுவும் பழுதென்றால் தேதி, நேரம், நிலையத்தின் பெயரைப் பேனாவால் டிக்கெட்டில் எழுதிக்கொண்டு, ஏறியதும் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருந்தால் அபராதம்தான். கைப்பேசி டிக்கெட் என்றால் முத்திரைக்குப் பதிலாக ‘செக்-இன்’ பொத்தானை ஏறுவதற்கு முன்பே அழுத்த வேண்டும். ஆளுக்கொரு டிக்கெட், இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்தது அறிவிப்புப் பலகை. டெர்மினியில் பலகையைப் பார்த்து ‘புளோரன்ஸைக் காணோமே’ என்று பதறுபவர்களைத் தினமும் காணலாம். பலகையில் எழுதியிருப்பது வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். புளோரன்ஸில் நிற்கும் வண்டி ‘மிலானோ’ என்றோ ‘தொரினோ’ என்றோ ‘வெனேட்ஸியா’ என்றோதான் போட்டிருக்கும். ஆகவே ஊரைத் தேடாதீர்கள், டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் தேடுங்கள். ‘பார்தென்ட்ஸே’ என்றால் புறப்பாடு, ‘பினாரியோ’ என்றால் பிளாட்பாரம், ‘ரிதார்தோ’ என்றால் தாமதம். டிக்கெட்டில் ‘கரோட்ஸா’ கோச், ‘போஸ்தோ’ இருக்கை. பிளாட்பாரம் எண் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் பலகையில் விழும். விழுந்ததும் கூட்டம் ஒரே திசையில் பாயும். டெர்மினியில் பிளாட்பாரத்துக்குள் நுழைய டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அங்கே ஒரு வரிசை. ஃப்ரெச்சாரோஸ்ஸா 1000 என்பது எட்டு கோச், ஏறக்குறைய 200 மீட்டர். உங்கள் கோச் அந்தக் கோடியில் இருந்தால் அத்தனை தூரமும் சூட்கேஸை இழுக்க வேண்டும். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

இருவர் பயணத்தில் ஒரு தனிக் கவலை உண்டு. இரண்டு டிக்கெட்டும் கணவர் கைப்பேசியிலேயே இருக்கும், இரண்டு பாஸ்போர்ட்டும் மனைவியின் கைப்பையில் இருக்கும். தண்ணீர் வாங்க ஒருவர் போனார், கதவு மூடிவிட்டது என்றால் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே கதவுகளை மூடிவிடுவார்கள், திறக்கச் சொன்னால் திறக்க மாட்டார்கள். அவரவர் டிக்கெட் அவரவர் கைப்பேசியில், அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

இருக்கை பற்றி ஒரு வார்த்தை. சாதாரண வகுப்பில் இரண்டும் இரண்டுமாக இருக்கும். பிசினஸ் வகுப்பில் ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, சில இடங்களில் எதிரெதிராக நடுவே ஒரு மேசையோடு. இருவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முன்பதிவில் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரோமிலிருந்து நேராக வெனிஸ் போகிறவர்கள் கவனியுங்கள்: புளோரன்ஸ் நிலையம் முட்டுச்சந்து போல, ரயில் உள்ளே போய்த் திசை மாறி வெளியே வரும். அதுவரை முன்னோக்கிப் போனவர்கள் அதன்பின் பின்னோக்கிப் போவார்கள்.

ஜன்னலோரக் காட்சிக்காக அதிவேக வண்டி ஏறுகிறவர்கள் ஏமாறுவார்கள். புளோரன்ஸுக்கும், வெனிஸ் போகும் வழியில் உள்ள போலோன்யாவுக்கும் இடையே 2009-இல் திறந்த பாதை ஏறக்குறைய 78 கிலோமீட்டர், அதில் 73 கிலோமீட்டர் சுரங்கம். நாடு பார்க்க வேண்டும் என்றால் ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு உள்ளூர் வண்டியில் போங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் வழியில் ஓர்வியேத்தோ வரும். நிலையத்துக்கு எதிரிலேயே இழுவை ரயில், அது பாறைமேல் இருக்கும் ஊருக்குத் தூக்கிச் செல்லும். கோதிக் பாணிப் பெருங்கோவிலைப் பார்த்துவிட்டு மாலை வண்டியைப் பிடிக்கலாம். ரோமிலிருந்து ஓர்வியேத்தோ, அங்கிருந்து புளோரன்ஸ் என்று இரண்டு துண்டாக டிக்கெட் வாங்குங்கள்.

‘ஷோப்பெரோ’ என்ற சொல்லையும் மறக்காதீர்கள். வேலைநிறுத்தம். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் வண்டிகள் உத்தரவாதமாக ஓடும்.

கடைசியாக வெனிஸ். ‘வெனேட்ஸியா மெஸ்த்ரே’ என்ற பலகையைப் பார்த்ததும் எழுந்துவிடாதீர்கள். அது தீவுக்கு முந்தைய நிலப்பகுதி. உட்கார்ந்திருங்கள். சில நிமிடங்களில் இருபுறமும் தண்ணீர் விரியும். ரயில் அப்போது போவது 1846-இல் ஆஸ்திரிய ஆட்சியின்போது திறந்த பாலத்தின்மேல், அது 222 வளைவுகள் கொண்டது. அதன் முடிவில் சாந்தா லூச்சியா. அங்கே அந்தப் பெயரில் இருந்த தேவாலயத்தை 1861-இல் இடித்துத்தான் நிலையத்துக்கு இடம் எடுத்தார்கள். வாசற்படி இறங்கினால் நேரே பெருங்கால்வாய். சாலையில் ஓடும் டாக்ஸி இல்லை, ஆட்டோ இல்லை. ஹோட்டல் பதிவு செய்யும்போதே, நிலையத்திலிருந்து எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு, சூட்கேஸின் சக்கரம் அங்கே உதவாது. மூன்று பாலத்துக்கு மேல் என்றால் ஒன்றாம் எண் நீர்ப்பேருந்தில் ஏறி, ஹோட்டலுக்கு மிக அருகில் உள்ள துறையில் இறங்குங்கள். அந்த டிக்கெட் 75 நிமிடம் செல்லும், ஏறுமுன் துறையில் இருக்கும் கருவியில் அவரவர் டிக்கெட்டைத் தொட்டுவிடுங்கள்.