விசுவாசம் தருவது அடைக்கலமே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அச்சம் சூழ்ந்த காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் மனிதருக்குத் தருவது அடைக்கலமா, மயக்கமா என்னும் வழக்கில், அடைக்கலமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். ஜெபிக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான் என்பது ஒன்று. ஜெபித்தவனும் செத்துத்தானே போகிறான் என்பது மற்றொன்று.

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். 1527ஆம் ஆண்டு ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகம் ஜேனாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பேராசிரியராக இருந்த, கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்தின் முன்னோடி மார்ட்டின் லூத்தரையும் புறப்படும்படி ஆட்சியாளர் பணித்தார். மனைவி கருவுற்றிருந்த நிலையிலும் அவர் போகவில்லை. நோயாளிகளுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டார். கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் எழுதிய நீண்ட மறுமொழியில், மருந்தை உட்கொள்ளுங்கள், வீட்டுக்கும் முற்றத்துக்கும் தெருவுக்கும் புகைபோடுங்கள், அயலாருக்கு உங்கள் உதவி தேவைப்படாத இடங்களை விட்டு விலகியிருங்கள், தேவைப்பட்டால் தயங்காமல் செல்லுங்கள் என்கிறார். நோயாளிகளைக் கவனிக்க வேறு ஆள் இருக்குமானால் விலகிப்போவது பாவமில்லை என்று அஞ்சியவர்களுக்கும் இடம் தருகிறார். மருந்தை ஒதுக்கிவிட்டுக் கடவுள் காப்பார் என்று துணிவதோ, கடவுளையே சோதிப்பதாகும் என்று கண்டிக்கிறார். மயக்கத்தில் கிடப்பவர் எழுதக்கூடிய மறுமொழியா இது?

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். விசுவாசிக்கு ஒரு தீங்கும் அணுகாது என்று மேடையில் வாக்குக் கொடுப்போர் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை, எதிரணியினர் அவர்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், இயேசு ஏறியிருந்த படகையும் புயல் தாக்கத்தான் செய்தது. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவில், கெத்செமனே தோட்டத்திலோ அவரே திகிலடைந்து வியாகுலப்பட்டார். பயத்தை மரத்துப்போகச் செய்வதுதான் இந்த மார்க்கத்தின் வேலை என்றால், தன் ஆண்டவரே கலங்கி நின்ற அந்தக் காட்சியை அல்லவா முதலில் மறைத்திருக்க வேண்டும்?

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் பான்ஹோபர் 1939இல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்தவர். சில வாரங்களிலேயே ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1943இல் கைதாகி, டேகல் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய கவிதையொன்றில், தாம் அமைதியாக நடமாடுவதாக மற்றவர்கள் சொல்வதையும், உள்ளுக்குள் கூண்டுப் பறவையைப்போலத் தவிப்பதையும் ஒளிக்காமல் வைக்கிறார். தாம் யார் என்று அவருக்கே தெளிவில்லை. யாராக இருந்தாலும் கடவுளுக்கு உரியவன் என்பது மட்டும் நிச்சயம் என்று அதை முடிக்கிறார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். உயிர் தப்புவோம் என்ற உறுதி அவருக்கு இருக்கவில்லை. தாம் யாருக்கு உரியவர் என்ற உறுதி இருந்தது. எங்கள் அணி அடைக்கலம் என்று சொல்வது அந்த உறுதியைத்தான். பாதுகாப்பான நாட்டை விட்டு ஆபத்துக்குத் திரும்பியவரிடம், தம் தவிப்பைத் தாமே எழுதிவைத்தவரிடம் இருந்தது மயக்கம்தான் என்று எதிரணியினர் இன்னும் சொல்வார்களானால், மயக்கம் என்பதற்கு அவர்கள் கொள்ளும் பொருளை இந்த அவையில் விளக்கிவிட்டு வாதத்தைத் தொடரட்டும்.