இளநீர் எந்தக் குழந்தைக்கு ஆபத்து? பொட்டாசியம் ஏறினால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

வணக்கம் மக்களே! ஒரு இளநீர் குழந்தையின் இதயத்தை நிறுத்திவிடுமா? கிட்னி நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பயமே வேண்டாம். கிட்னி செயலிழந்த பிள்ளைக்கு நிறுத்தக்கூடும், ஏனென்றால் இளநீரில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிவிடும். ஒரு டம்ளரில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் பொட்டாசியம், ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிட அதிகம். தொண்டி முதல் ஏர்வாடி வரை நம் கரையில் பிள்ளை சோர்ந்து படுத்தால் உடனே இளநீர் வெட்டுகிற பழக்கம் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

பின்னணி சட்டென்று: ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.5 மில்லிமோல் வரை இருக்கலாம், 6.5 தாண்டினால் அவசரம்.

(திரையில்: ஈசிஜி)

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, ஈசிஜியும் அதே வேலையைச் செய்கிறது. இதயத்தின் மின்துடிப்பை வரைகிற அந்தக் கோட்டில் முதலில் டி அலை என்ற மேடு கூர்மையாக எழும்பும், அப்புறம் பி அலை என்ற சின்ன மேடு தட்டையாகும், நடுவில் உள்ள க்யூஆர்எஸ் என்ற கூர்முனை அகலமாகும், கூண்டின் எண் ஏற ஏற இதயம் நிற்கும் நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம். ஆனால் கூண்டு ஏறாமலே கடல் சீறுவதும் உண்டு, ஈசிஜி சரியாக இருந்தும் பொட்டாசியம் 7-ஐத் தொட்டிருக்கலாம்.

ஈசிஜி மாறியிருந்தால் முதல் மருந்து கால்சியம் குளுக்கோனேட், நரம்பு வழியாக மெதுவாக. சில நிமிடத்தில் இதயத்தைக் காக்கும், ஆனால் பொட்டாசியத்தைத் துளிகூடக் குறைக்காது, பலனும் 30 முதல் 60 நிமிடம்தான்! அதற்குள் குளுக்கோஸோடு இன்சுலின் கொடுப்பார்கள். "சுகரே இல்லாத பிள்ளைக்கு எதுக்கு இன்சுலின்?" என்று பதறாதீர்கள், அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறது. மூச்சிரைப்புக்கு வைக்கிற சால்பியூட்டமால் நெபுலைசரும் அதே வேலையைச் செய்கிறது, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஆனாலும் பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகவில்லை, வெளியேற்ற சிறுநீர் பிரிக்கும் மருந்தோ டயாலிசிஸோ வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர், கால்சியத்தின் பலன் பாதி வழிகூட வராது. அதனால் இன்சுலினும் நெபுலைசரும் தொடங்கி, மானிட்டர் மாட்டி, அடுத்த டோஸ் கால்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபடியும் ரத்தம் எடுத்தால் கோபப்படாதீர்கள். குழந்தையின் குதிகாலை அழுத்தி எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: சிறுநீர் போகவில்லை, முகம் வீங்குகிறது, கை கால் துவள்கிறது என்றால் இளநீர், பதநீர் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள், என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கிட்னி பிரச்சினை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த வீடியோவை இன்றைக்கே அனுப்புங்கள். அந்த வீட்டில் 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் இருந்தால் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால் அது அந்தப் பிள்ளையின் தட்டுக்குப் போகவே கூடாது.