பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் 20 வாட் வீணாகிறது! மாஸ்ஃபெட் போட்டால் 1 வாட்டா, 4 வாட்டா?

[திரையில்: பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதன் மேல் பெரிய ஹீட்சிங்க்]

வணக்கம் நண்பர்களே! 12 வோல்ட் ஏசியை டிசியாக்கி 10 ஆம்பியர் தரும் ஒரு பவர் சப்ளையை எடுத்துக்கொள்வோம். அதில் ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு பிரிட்ஜ் மட்டுமே 20 வாட்டை வெப்பமாகக் கொட்டிவிடும். ஒரு சின்ன சோல்டரிங் அயர்னைப் பெட்டிக்குள் எந்நேரமும் சூடாகவே வைத்திருப்பது போல!

காரணம் தெரிந்ததுதான். மின்னோட்டம் எப்போதும் இரண்டு டையோடுகளை, அதாவது ஒரே திசையில் மட்டும் கடத்தும் பாகங்களைத் தாண்டுகிறது. இந்த அளவு மின்னோட்டத்தில் ஒவ்வொன்றும் சுமார் 1 வோல்ட்டை விழுங்கும். குறைவான வோல்ட்டை விழுங்கும் ஷாட்கி வகை டையோடு போட்டால் இழப்பு பாதியாகும். ஆனால் சூடேற ஏற அதன் பின்னோக்கிய கசிவு கூடிக்கொண்டே போகும். அதனால் நேராக மாஸ்ஃபெட்டுக்குப் போவோம். கேட் என்ற முனையில் மின்னழுத்தம் கொடுத்தால், சோர்ஸ், டிரெயின் என்ற மற்ற இரு முனைகளுக்கிடையே பாதையைத் திறக்கும் டிரான்சிஸ்டர் சுவிட்ச் அது.

[திரையில்: நான்கு மாஸ்ஃபெட் பிரிட்ஜ்]

இங்கே மாஸ்ஃபெட்டில் மின்னோட்டம் சோர்ஸிலிருந்து டிரெயினுக்குப் போகிறது. வழக்கத்துக்கு நேர் எதிர்த் திசை! மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே இருக்கும் பாடி டையோடு முதலில் கடத்தும். உடனே கேட்டை ஆன் செய்தால் வெறும் 5 மில்லி ஓம் பாதை திறந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

சரி, இழப்பு எவ்வளவு? 10-இன் வர்க்கம் 100. இரண்டு மாஸ்ஃபெட்டுக்கும் சேர்த்து 10 மில்லி ஓம். பெருக்கினால் 1 வாட். கணக்கு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை!

[திரையில்: உயரமான, குறுகலான மின்னோட்டத் துடிப்புகள்]

இந்த அலையைப் பாருங்கள். ஏசி மின்னழுத்தம் உச்சத்தைத் தொடும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிரிட்ஜுக்குப் பின்னால் டிசியைச் சீராக்க வைத்திருக்கும் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது. சராசரி 10 ஆம்பியர்தான், ஆனால் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது மின்னோட்டத்தின் வர்க்கங்களுடைய சராசரியின் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 20 ஆம்பியர் வரை போகும். டையோடு இழப்பு பெரும்பாலும் சராசரியைப் பொறுத்தது. மின்தடை இழப்போ ஆர்எம்எஸ்ஸின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20-இன் வர்க்கமான 400-ஐ 10 மில்லி ஓமால் பெருக்குங்கள்: 4 வாட்! மாஸ்ஃபெட் சூடானால் அதன் மின்தடையும் ஏறும். அப்படியும் 20 எங்கே, 4 எங்கே!

இதை எல்டிஸ்பைஸில் ஓட்டிப் பாருங்கள், மின்சுற்றைக் கணினியிலேயே இயக்கிப் பார்க்கும் இலவச மென்பொருள்தான். சைன் மூலத்தில் உச்ச மதிப்பைத்தான் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் ஆர்எம்எஸ் ஏசிக்கு உச்சம் 17 வோல்ட். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் மின்தடையை மறக்காமல் சேருங்கள். அது இல்லாவிட்டால் துடிப்புகள் நிஜத்தில் வராத உயரத்துக்குப் போகும். ஒப்பிடுவதற்கு வைக்கும் டையோடுக்கும் உண்மையான பாக எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்ஃபெட்டைக் கிளிக் செய்தால் அதன் வாட் வரைபடம் வரும். வரைபடத்தின் பெயர் மேல் கண்ட்ரோல் விசையோடு கிளிக் செய்தால் சராசரி கிடைக்கும். கெபாசிட்டர் முதன்முதலாக நிரம்பும் தொடக்கப் பகுதியை மட்டும் சராசரியில் சேர்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டையோடு தானாக மூடிக்கொள்ளும், மாஸ்ஃபெட் மூடாது. கேட்டை அணைக்கத் தாமதித்தால் கெபாசிட்டரில் சேர்ந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிப் பாயும். எல்டி4320 போன்ற ஐசி இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அதன் மாடலும் எல்டிஸ்பைஸிலேயே இருக்கிறது. 1,000 மைக்ரோஃபாரட், 10,000 மைக்ரோஃபாரட் இரண்டையும் போட்டு ஓட்டி, ஆர்எம்எஸ் எப்படி மாறியது என்று கமெண்டில் எழுதுங்கள். உங்கள் எண்களைப் பார்க்க நிஜமாகவே ஆவலாக இருக்கிறேன்!