43-க்கு 8: பழைய ஜீப்புக்கு எந்த டயர், எந்தக் கிரவுன்?

வணக்கம் நேயர்களே, மதுரையிலிருந்து பேசுகிறேன். என் ஜீப்பைக் காட்டிய சென்ற காணொளியின் கீழே, "33 அங்குல டயர் மாட்டுங்கள், வண்டி கம்பீரமாக நிற்கும்" என்று பலர் எழுதியிருந்தீர்கள். கம்பீரத்துக்காக டயர் வாங்குகிறவன் நான் அல்லன் என்பது என்னைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இன்றைய கோபம் உங்கள் மீதன்று. இரண்டு பழைய கிரவுன் பினியன் செட்டுகளுக்கு, அதாவது ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடிகளுக்கு, என்னிடம் சொல்லப்பட்ட விலையின் மீதுதான் எனக்குக் கோபம்.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய்! புதியவை அல்ல, எந்த வண்டியிலிருந்தோ கழற்றி, கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி வைத்தவை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பொருத்தும் கூலி தனி. கடைக்காரர் என் வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "தம்பி, இதில் இருப்பது 39-8. பெரிய டயர் போட்டால் மேட்டில் இழுக்காது, 43-8 மாற்றியே ஆகவேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். 39-8 என்றால் பெரிய கிரவுனில் 39 பற்கள், சிறிய பினியனில் 8; முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதுதான் டிஃபரன்ஷியல் விகிதம். அவர் சொன்ன கணக்கு சரியானதுதான். டயரின் உயரம் கூடினால், ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரமும் கூடும். அதற்கு ஈடாக டிஃபரன்ஷியல் விகிதத்தையும் கூட்டினால்தான் என்ஜின் முன்போல இழுக்கும். ஆனால் உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமலே விலை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியர்ப் பெட்டிப் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஷாஃப்டு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஐந்து சுற்று முடிந்து, ஆறாவது சுற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி அந்தக் கோடு நின்றது. 39-ஐ எட்டால் வகுத்தால் 4.88, ஐந்து சுற்றே முடிந்திருக்காது. 43-ஐ எட்டால் வகுத்தால் 5.38! ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: ஒரு சக்கரம் தரையில் இருக்க, மற்றொன்றை மட்டும் தூக்கிச் சுற்றுகிறவர்கள் அதை இரண்டு முறை சுற்றவேண்டும், இல்லையென்றால் பாதி விகிதம்தான் வரும். அதே சோதனையை முன் ஆக்சிலிலும் செய்தேன், அதுவும் 5.38.

அத்தோடு விடுகிறவன் நான் அல்லன் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த வகை ஆக்சில்களில் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டு ஒன்றில் பற்களின் எண்ணிக்கை அடித்த சிறு தகடு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது எப்போதோ தொலைந்திருக்கும். என் வண்டியின் மூடியிலோ சேறும் எண்ணெயும் கலந்து விரல் கனத்துக்குக் கெட்டித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி தேய்த்து, கடைசியில் ஒரு மூலை பளபளத்தது. தகடு! அதில் முதலில் 43 தெரிந்தது, பிறகு 8. அந்தப் படத்தைத்தான் இப்போது திரையில் நெடுநேரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சற்று நேரம் காட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மிச்சமான தகடு அது.

முன் ஆக்சிலை ஏன் தனியே சோதித்தேன் என்றால், பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஜீப்புகள் நம் ஊரில் நிறைய உண்டு; அவற்றில் முன்னே ஒரு விகிதமும் பின்னே வேறொரு விகிதமும் இருக்கக்கூடும். நான்கு சக்கர இயக்கத்தில், என்ஜினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் இரண்டு ஷாஃப்டுகளையும் ஒரே வேகத்தில் பூட்டிச் சுற்றுவதால், 43-8-உம் 39-8-உம் சேர்ந்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் சக்கரம் வழுக்கியாகவேண்டும். மணலில் அது தெரியாது. கெட்டித் தரையில் எங்காவது முறியும்.

இனி டயருக்கு வருகிறேன். வில்லிஸ் சிஜே-3பி என்ற பழைய ஜீப் மாடலின் வழியில் வந்த இந்த வண்டிக்கு உரிய டயர் 6.00-16, அதாவது ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம்; நான் அளந்த உயரம் 28.5 அங்குலம். நீங்கள் கேட்ட 33 அங்குலத்தைப் போட்டால், 5.38 விகிதம் 4.64 விகிதம் போல நடந்துகொள்ளும். 72 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் என்ஜினுக்கு அது பெரும் சுமை. ஆக்சில் ஷாஃப்டுக்கும் பினியனின் எட்டே பற்களுக்கும் அதைவிடப் பெரும் சுமை. அந்தப் பெரிய டயர்களை நிறுத்தவேண்டியது நான்கு சக்கரங்களிலும் உள்ள பழைய டிரம் பிரேக்குகள்தான் என்பதையும் மறக்கவேண்டாம்.

என் தேர்வு 7.00-16. அதன் உயரம் ஏறத்தாழ 30.5 அங்குலம்; பழைய பதினாறு அங்குல ரிம்மிலேயே உட்காரும். 1950-இல் வந்த எம்38 ராணுவ ஜீப்பில் இதே 5.38 விகிதத்தோடு இதே 7.00-16 டயரைத்தான் மாட்டினார்கள் என்பது எனக்குப் போதுமான சான்று. விகிதம் 5.02 போல ஆகும். மூன்று கியர்ப் பெட்டியின் முதல் கியர் 2.8, டிரான்ஸ்பர் கேஸின் லோ கியர் 2.46, டிஃபரன்ஷியல் 5.38, மூன்றையும் பெருக்கினால் 37. என்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் இருக்கும்போது வண்டி மணிக்கு 2.6 கிலோமீட்டரில் ஊர்ந்தது இனி 2.8-இல் ஊரும், கல்லாங்குத்தில் இந்த வேறுபாட்டை உணரவே முடியாது. சாலையில் டாப் கியரில் 3000 சுற்றுக்கு 76 கிலோமீட்டர் போனது இனி 81-ஐத் தாண்டும். ஸ்பீடோமீட்டர் மட்டும் 60 என்று காட்டும்போது உண்மையில் 64 போய்க்கொண்டிருப்போம்.

அகலமான டயர் பிடித்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள். வைகை மணலைப் போன்ற இளகிய இடத்தில், காற்றைக் குறைத்த அகல டயர் மிதந்து போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலில் மழைக்குப் பிறகு இறங்கிப் பாருங்கள். அகல டயரின் பள்ளங்களில் மண் அப்பி வழுவழுவென்று ஆகிவிடும். ஒடுங்கிய டயர் மேல்சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டியைத் தேடும். பட்டைகளுக்கு இடைவெளி அதிகமுள்ள டயராக இருந்தால் மண் தானே உதிரும். அகல டயரின் தோற்றம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை, அதையும் மறைக்கப்போவதில்லை.

சொல்ல விட்டுப்போன ஒன்று: ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைத் தூக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதனால் பாடி மட்டுமே உயரும். கல்லில் இடிக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் கூடுதல் உயரத்தில் பாதி அளவுக்கே. எனக்குக் கிடைப்பது ஓர் அங்குலம். எனக்கு அது போதும்.

டயர் கடையில் நான்குக்கு விலை சொன்னார்கள், ஐந்தாகக் கேட்டேன். ஸ்டெப்னி 6.00-16-ஆகவே இருந்தால், வழியில் பஞ்சர் ஆன பிறகு நான்கு சக்கர இயக்கத்தைத் தொடவே முடியாது. ஐந்தாவது டயருக்குத் தள்ளுபடி உண்டா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.