கம்பம் திராட்சைக்குக் கவாத்துதான் புத்தாண்டு

[காட்சி: தேக்கா சந்தை, பழக்கடை]

வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் எந்த மாதம் போனாலும் திராட்சை இருக்கும். மார்ச்சில் ஆஸ்திரேலியப் பெட்டி, செப்டம்பரில் கலிஃபோர்னியப் பெட்டி. குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், கோடையில் பழுக்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை.

என் அத்தையின் தோட்டம் தேனி மாவட்டம் கம்பத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர், முல்லைப் பெரியாற்றுப் பாசனம். பயிர், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை. அங்கே கொடியைத் தூங்கவைக்கப் பனிக்காலம் கிடையாது. அந்த வேலையைக் கத்தரி செய்கிறது. அதன் பெயர் கவாத்து.

[காட்சி: பந்தலுக்குக் கீழே, அண்ணாந்து பார்த்து]

அத்தை வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கிளையையும் விரலில் உருட்டிப் பார்ப்பார். பென்சில் பருமனும் பழுப்பேறிய பட்டையும் இருந்தால் நான்கு கண், அதாவது துளிர் கிளம்பும் மொட்டு, விட்டு வெட்டுவார். மெலிந்த கிளைக்கு ஒன்றிரண்டு கண்தான். அது இந்த முறை காய்க்க வேண்டாம், வலுவேறட்டும். மிச்ச இலைகளையும் உருவிய பிறகு, அதுவரை இருட்டாக இருந்த தரையில் வெயில் விழும். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டி நம் தோளை நனைக்கும்.

ஏன் இவ்வளவு பார்த்து வெட்ட வேண்டும்? கொத்து புதுத் துளிரில் தொங்கினாலும், அதன் கரு முந்தைய சுற்றிலேயே கண்ணுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது வெயில் பட்ட கண் பூக்கும். நிழலில் கிடந்தது பெரும்பாலும் வெறும் கொடியாகப் போகும். போன சுற்றில் பந்தலை அடைசலாக விட்டவர் இந்தச் சுற்றில் தவிப்பார்.

சரி, கவாத்து முடிந்தது. இரண்டு வாரத்துக்குள் துளிர், ஐந்தாறு வாரத்தில் பூ, ஏறத்தாழ 120 நாளில் பழம். அப்புறம் சில வாரம் ஓய்வும் தொழுவுரமும். இப்படி இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை. ஆளுக்கொரு மாதம் கவாத்து செய்வதால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பந்தலில் பழம் இருக்கும்.

ஐந்தும் ஒன்றுபோல் அமையாது. ஐப்பசி மழையில் மாட்டும் சுற்று கடினமானது. இலையின் அடியில் வெள்ளையாக அடிச்சாம்பல் நோய் படரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையோடு பந்தலுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். பழுத்த நேரத்தில் பெருமழை வந்தால் பழம் வெடித்துவிடும்.

பறித்த திராட்சை மாம்பழம் மாதிரி வீட்டில் வைத்துப் பழுக்காது. அதனால் அத்தை கொத்தின் அடிநுனிப் பழத்தைத்தான் சுவைப்பார். கடைசியாக இனிப்பேறுவது அதுதான். அதில் புளிப்பு இருந்தால் கத்தரி வெளியே வராது.

[காட்சி: புளோக் தாழ்வாரம், தொட்டியில் கொடி]

இது சிங்கப்பூரில் என் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம். அத்தை தந்த யோசனையில் ஒரு கொடி வைத்தேன். மூன்று ஆண்டு கம்பியெல்லாம் படர்ந்தது, ஒரு பூ இல்லை. இங்கேயும் பனிக்காலம் இல்லையே. நானும் மனமில்லாமல் வெட்டாமலே விட்டிருந்தேன். காணொளி அழைப்பில் அத்தை ஒவ்வொரு கண்ணாக எண்ணிச் சொல்ல, வெட்டினேன்.

இன்று நாற்பதாவது நாள். மூன்றாவது கிளையில், இலைக்கு எதிரே பாருங்கள்: கடுகைவிடச் சின்னப் பச்சை மொட்டுகள், ஒரு கொத்து.