ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: நம் மருத்துவத்துக்கு ஒரு பதிவேடு

(கும்பகோணத்தில் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களும் பொதுமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் மாநகராட்சி மேயர் அவர்களே, துணை மேயர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுகளிலிருந்து வந்திருக்கும் மருத்துவ நண்பர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, தலைமுறை தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்திவரும் பெரியோர்களே, பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் பொன்னாடை அணிவித்து நல்ல வார்த்தை சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். மேயர் அவர்கள் எட்டு மணிக்கு இன்னொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியவர்கள். ஆனாலும் இந்தப் பேச்சு முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. அவர்கள் இருக்கும்போதே என் கோரிக்கையையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். இந்த நாலு சொல்லைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். ஐந்து நோய்களை எடுத்துக்கொள்கிறேன்: பவுத்திரம், மஞ்சள் காமாலை, சர்க்கரை, மூட்டுவாதம், ரத்தசோகை. இவற்றுக்கு நம் மருந்து கேட்கிறதா, கேட்கிறது என்றால் எதை வைத்துச் சொல்கிறோம் என்பதுதான் பேச்சு.

முதலில் தஞ்சாவூருக்குப் போவோம். 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவசாலை நடத்தினார். சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யுனானி ஹக்கீம், இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர் என எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது. மருந்தை அங்கேயே செய்தார்கள். கொடுத்துப் பார்த்து, குணம் தெரிந்த முறைகளைப் புலவர்களை வைத்துத் தமிழ்ப் பாட்டாக எழுதி வைத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகம் நோய்வாரியாக அச்சிட்ட சரபேந்திர வைத்திய முறைகள் அப்படி வந்தவைதான். கண் நோயாளிகளின் குறிப்புகளும் அங்கே உண்டு. இன்ன கோளாறு, இன்ன சிகிச்சை, பிறகு இப்படி இருக்கிறது என்று எழுதி, கூடவே அந்தக் கண்ணை வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். காமிரா பிறக்காத காலம் ஐயா அது! நோயாளிக்கு எதிரே ஓவியனை உட்காரவைத்து, சிவப்பு எங்கே, பூ எங்கே விழுந்திருக்கிறது என்று வரையச் சொல்லியிருக்கிறார் ஒரு மன்னர். ஓலையும் காகிதமும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்த வேலையை, கையில் செல்போன் வைத்திருக்கும் நாம் செய்கிறோமா? கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இனி பவுத்திரம். ஆசனவாய்ப் பக்கத்துச் சீழ்க்கட்டி உடைந்து, உள்ளிருந்து வெளித்தோல்வரை புண் வழிவிட்டு ஓடுவது. இதற்குக் கார நூல் கட்டுவது பழைய முறை. காரம் ஏற்றிய நூலைப் புண் வழிக்குள் கோத்துக் கட்டினால், அது மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வரும், பின்னாலேயே புண் ஆறும். க்ஷார சூத்திரம் என்பார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் தேஷ்பாண்டே குழுவினர் இதை ஒழுங்குபடுத்தி மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

நூல் செய்வதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 20ஆம் நம்பர் லினன் நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இலைக்கள்ளியைக் கீறி எடுத்த புதுப் பாலை நூல் முழுக்கத் தடவி, வெப்பப் பெட்டியில் உலர்த்த வேண்டும். நாளுக்கு ஒரு பூச்சு. கள்ளிப்பால் மட்டும் 11 பூச்சு. பிறகு பால் தடவிய ஈரத்தோடு நாயுருவி உப்பில் புரட்டி 7 பூச்சு. கடைசியில் கள்ளிப்பாலும் மஞ்சள் தூளும் 3 பூச்சு. ஆக 21. அந்த உப்புக்கு வரப்பில் நிற்கிற நாயுருவியே போதும். சமூலமாக, அதாவது வேரோடு முழுச் செடியாகக் காயவைத்து எரித்து, சாம்பலில் ஆறு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, தெளியவிட்டு, துணியில் பலமுறை வடிகட்டி, தெளிந்த நீரை அடுப்பில் வற்றவைத்தால் அடியில் வெள்ளையாக நிற்பதுதான் அது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் இந்த உப்பு ஈரம் இழுத்துக் கசிந்துவிடும். கசிந்த உப்பைப் பூசினால் பூச்சு உதிரும், நூல் அறுக்காது. முந்தின பூச்சு காயாமல் அடுத்ததைப் போட்டால் உரியும். நாள்பட்ட பால் திரிந்து நூலில் திட்டுத்திட்டாக நிற்கும். உள்ளே இழுக்கும்போது நோயாளி துடித்துப்போவார்.

நூலை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய நூலின் முனையில் புது நூலை முடிந்து இழுத்தால், பழையது வெளியே வரப் புதியது அந்த இடத்தில் போய் உட்காரும். இங்கேதான் என் பழமொழி. கழற்றிய பழைய நூலைக் குப்பையில் போடுவதற்கு முன் ஸ்கேலில் வைத்து அளக்க வேண்டும்! வாராவாரம் எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்று எழுத வேண்டும். மொத்த நாட்களை முதல்நாள் நீளத்தால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டர் அறுபட எத்தனை நாள் என்று தெரிந்துவிடும். சாதாரணமாக ஒரு வாரத்தை ஒட்டி வரும். அது மிகவும் இழுத்துக்கொண்டு போனால் நூலில் குறை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், காசநோய் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத கிளை வழி இருக்கலாம். அளக்காதவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதையே பல ஊர்களில் சோதித்து 1991இல் வெளியிட்டது. 265 பேருக்குக் கார நூல், 237 பேருக்கு அறுவை. யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டுக் குலுக்கலில் பேர் விழுவதுபோல விழுந்தது. புண் ஆற அறுவையில் 4 வாரம், நூலில் 8 வாரம். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நோய் திரும்பியிருந்தது, நூல் கட்டியவர்களில் 4 பேருக்குத்தான். நமக்குச் சாதகமானதையும் பாதகமானதையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது பாருங்கள். அளந்ததால் வந்த துணிச்சல் அது.

அடுத்து மஞ்சள் காமாலை. தாய்மார்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்! கீழாநெல்லி தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. வேரோடு பிடுங்கி, அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி வெறும் வயிற்றில் மூன்று நாள். உப்பு, எண்ணெய் தள்ளுபடி.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் இந்தச் செடியை எடுத்தார்கள். அவர்களோடு சேர்ந்து நின்றவர் யார் தெரியுமா? ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க். நம் வாய்க்கால் கரைச் செடி நோபல் பரிசுக்காரர் கைக்குப் போய்விட்டது. கிருமியை உடம்பில் தாங்கியிருக்கும் 78 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் காயவைத்துப் பொடித்த கீழாநெல்லி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் காப்ஸ்யூல். 1988இல் லண்டன் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்த கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது. வெறும் காப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. கை தட்டுகிறீர்கள், தட்டலாம், தட்ட வேண்டியதுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 37உம் 23உம் 60. தொடங்கியது 78. மிச்சம் 18 பேர்? கடைசிக் கணக்கில் அவர்கள் இல்லை. அவர்களுக்குக் குணமானதா, ஆகவில்லையா என்பது தெரிந்தால் கணக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். பிறகு தாய்லாந்தில் செய்து 1990இல் வெளியிட்டார்கள். கிருமி மறைந்தவர்கள் மிகச் சிலரே. 2011இல் எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு, வெறும் மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேல் என்று நம்பச் சான்று போதாது என்று எழுதியது. செடியின் இனம், பறித்த பருவம், விளைந்த மண் எல்லாம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கீழாநெல்லி என்று கட்டுக்கட்டாக வருவதில் காய் வழவழப்பாக இருப்பதும் உண்டு, சொரசொரப்பான காயும் சிவந்த தண்டும் உள்ள வேறு இனமும் உண்டு. கடைக்காரப் பெரியவர்கள் இதைப் பிரித்து வைத்தால் பெரிய தொண்டு.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் குணமானதே? தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே வடிந்துவிடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பேர் அதற்குப் போகும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நடவு வயலில் சேற்றில் நிற்கிறவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, கூடவே காமாலை வந்தால் அது எலிக் காய்ச்சலாக இருக்கலாம். மூன்று நாள் மோரில் மருந்து என்று காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும். மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் பித்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் உள்ளங்கால்வரை இறங்கினால் அன்றே ஆஸ்பத்திரி. நினைவு தடுமாறினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை மேடைக்கு மேடை சொல்வேன்.

சர்க்கரைக்கு வருகிறேன். வேங்கை மரத்தை வைத்து ஆராய்ச்சிக் கவுன்சில் செய்த ஆய்வு 1998இல் வந்தது. 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுப்பட்டது. பெரும்பாலோருக்கு நாளைக்கு 2 கிராம் போதுமானதாக இருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத இன்னொரு கூட்டம் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டால் எவ்வளவு, வேங்கையால் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அந்த 2 கிராமும், கடையில் விற்கிற வேங்கை டம்ளரில் ராத்திரி ஊறிய தண்ணீரும் ஒன்றாகிவிடாது. டம்ளரில் எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளந்தார்கள்? சர்க்கரைக்கு மருந்து தொடங்குகிறவர் அன்றைக்கே மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதை நிறுத்தச் சொல்கிறவர் எந்த முறை வைத்தியராக இருந்தாலும், செய்வது உயிரோடு விளையாட்டு.

மூட்டுவாதம். "ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு வாகு, ஆளுக்கு ஆள் மருந்து மாறும், இதை எப்படிச் சோதிப்பது?" என்று நம்மவர்களே கேட்பார்கள். கோயம்புத்தூரில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். 43 நோயாளிகள், 36 வாரம். ஆயுர்வேதம் ஒரு பிரிவு, மெதோட்ரெக்ஸேட் என்ற இங்கிலீஷ் மருந்து ஒரு பிரிவு, இரண்டும் சேர்ந்து ஒரு பிரிவு. வைத்தியர் ஆளுக்குத் தகுந்தபடிதான் மருந்து எழுதினார். அசலா, அதேபோல் செய்த போலியா என்பது அவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 2011இல் வெளியான முடிவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் வழி திறந்துவிட்டது. ரத்தசோகையும் அதற்குக் கொடுக்கும் இரும்பு மருந்தான அன்னபேதிச் செந்தூரமும் தனிக் கூட்டத்துக்கு உரிய பொருள். மேயர் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

டெல்டாவில் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒரு பதிவேடு வேண்டும். நீள நோட்டு ஒன்று போதும். வரிசை எண், வயது, நோயாளி தம் வாயால் சொன்ன குறை, நாடி, தேகவாகு. அடுத்து அளவு ஒன்று: எடையோ, ரத்த அழுத்தமோ, காமாலையைக் காட்டும் பிலிரூபினோ, புண்ணின் நீளமோ, பத்துக்கு எத்தனை வலி என்பதோ, ஏதாவது ஒரு எண். பிறகு மருந்து, அளவு, தேன், பால் என்று எதில் கலந்து கொடுத்தோம் என்கிற அனுபானம், எந்தக் கடைச் சரக்கு. உலோகமும் தாதுவும் புடம் போட்டுச் செய்கிற பற்பம், செந்தூரம் என்றால் தயாரிப்பு எண்ணும் கட்டாயம். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டனில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. எந்தத் தொகுதிச் சரக்கு என்று தெரிந்தால்தான் ஒருவருக்கு ஒவ்வாதது அடுத்தவருக்குப் போகாமல் தடுக்க முடியும். கூடச் சாப்பிடும் இங்கிலீஷ் மருந்துக்கு ஒரு கட்டம். ஒவ்வாமைக்கு ஒரு கட்டம்.

கடைசிக் கட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது: மறுபடி வராதவர். குணமானவர் வந்து பழம் வைத்துக் கும்பிடுவார். குணமாகாதவர் சத்தமில்லாமல் வேறு வைத்தியரிடம் போய்விடுவார். பழம் வைத்தவரை மட்டும் எண்ணுகிற வைத்தியருக்குத் தம் மருந்து தோற்றதே தெரியாது. அதனால் வராதவருக்கு முப்பதாம் நாள் ஒரு போன் செய்து, சொன்ன பதிலைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். லான்செட்டில் விடுபட்ட அந்த 18 பேரும் நம் நோட்டில் விடுபடக் கூடாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வேண்டுகோள் இரண்டு. மாநகராட்சி எல்லைக்குள் உள்ள வைத்தியசாலைகளுக்கு இந்த நோட்டை அச்சிட்டு இலவசமாகக் கொடுக்க ஒரு தீர்மானம். பேர், விலாசம் நீக்கிய நகல்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரில் ஒரே இடத்தில் சேர்த்துக் கணக்குப் பார்க்க மாவட்ட ஆட்சியரிடம் ஒரு பரிந்துரை.

மாதிரிப் பக்கம் வாசல் மேசையில் இருக்கிறது. வைத்தியர்கள் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, வருகிற தை முதல் தேதியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். எந்தக் கட்டம் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதைப் பங்குனிக்குள் சொன்னால் திருத்தி அச்சுக்குக் கொடுத்துவிடலாம். வணக்கம்.