காணிக்கையை வைத்துவிட்டுப் போ

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

"மெய்யான ஆராதனை விளங்குவது சபைக்கூடுகையிலா, அன்றாட வாழ்க்கையிலா?" இதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அன்றாட வாழ்க்கையிலே என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாட்டுக்கு எதிரி இல்லை. 11 ஆண்டுகள் பாடற்குழுவில் நின்றவன். இத்தனை குரல்களும் ஒன்றாகச் சேர்கிற நேரத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு வரி வராமல் நின்ற நாட்கள் எனக்கும் உண்டு. அது பொய் என்று யாராவது சொன்னால் நானே எதிரணியில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆனால் அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? "எல்லாம் உமக்கே" என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கிறோம். வாக்கைக் கொடுத்த இடம் சபை, சரி. அதைக் காப்பாற்றுகிற இடம் எது? என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

எதிரணியின் முதல் பேச்சாளர் 22-ஆம் சங்கீதத்தை எடுத்தார். "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்ற மூன்றாம் வசனத்தைச் சொல்லி, தேவன் துதியில் குடியிருக்கிறார், ஆகவே துதிக்கிற சபையே ஆராதனை என்றார். ஐயா, அந்தச் சங்கீதத்தின் முதல் வரி என்ன? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் தொங்கியபோது நம் ஆண்டவர் உச்சரித்த வரி அது. ஆக, துதியைப் பற்றிய அந்த வசனம் வேதனையின் நடுவிலிருந்து வருகிறது. கைவிடப்பட்டேன் என்று கதறுகிறவன், அப்போதும் "நீரே பரிசுத்தர்" என்று பற்றிக்கொள்கிறான். அதே சங்கீதம் 24-ஆம் வசனத்தில், உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தைக் கர்த்தர் அற்பமாய் எண்ணவில்லை என்கிறது. துதியில் வாசமாயிருக்கிறவர் யாருடைய பக்கத்தில் நிற்கிறார் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது.

அடுத்து வந்த சகோதரி எபிரெயர் 10:25-ஐ வைத்தார். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. நிச்சயமாக விட்டுவிடக் கூடாது. ஆனால் எதற்காகக் கூடவேண்டும்? ஒரு வசனம் முன்னால் போனால் காரணம் இருக்கிறது: அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்க வேண்டுமாம். கூடுவது ஏவப்படுவதற்கு. ஏவப்பட்டவன் எங்கே போகிறான்? வாசலைத் தாண்டி வெளியே போகிறான். அந்தச் சகோதரி எடுத்த வசனம் எங்கள் அணிக்கும் சாட்சி சொல்கிறது.

எதிரணியினர் பெத்தானியா மரியாளைப் பற்றிப் பேசியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விலையேறப்பெற்ற நளததைலம், முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாம் என்று முறுமுறுத்தார்கள். கிட்டத்தட்ட ஓர் ஆண்டுக் கூலி. அதை ஆண்டவர்மேல் ஊற்றிவிட்டாள். அழகான ஆராதனை. ஆனால் அது நடந்தது தேவாலயத்தில் இல்லை, ஒரு வீட்டில், சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்தில். அங்கே பாட்டும் இல்லை. தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்றவர்களுக்கு ஆண்டவர் சொன்ன பதிலையும் முழுசாகப் படிக்க வேண்டும். தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள், "உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம்" நன்மை செய்யலாம் என்கிறார், மாற்கு 14-இல். அந்தத் தைலத்தைக் காட்டி ஏழையைத் தள்ளிப்போட யாருக்கும் அவர் அனுமதி தரவில்லை.

சரி, மறுப்பு போதும். என் பக்கத்து வாதத்துக்கு வருகிறேன்.

எபிரெய மொழியில் "அவோதா" என்று ஒரு சொல். வேலை என்றும் பொருள், ஆராதனை என்றும் பொருள். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் எகிப்தியர் இஸ்ரவேலரைச் சாந்தும் செங்கலுமாகப் பிழிந்தெடுத்த அந்தக் கொடிய வேலைக்கு இந்தச் சொல்தான். மூன்றாம் அதிகாரத்தில் மோசேயிடம், "இந்த மலையில் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள்" என்று கர்த்தர் சொல்லும் இடத்திலும் இதே வேர்தான். எனக்கு இது சாதாரணச் சொல் ஆராய்ச்சியாகத் தெரியவில்லை. பார்வோனுக்காகச் செங்கல் சுமந்த அதே முதுகும் அதே கைகளும் இனி கர்த்தருக்கு. விடுதலை என்றால் அதுதான். கைகளைப் பார்வோனிடமே விட்டுவிட்டு, நாவை மட்டும் கர்த்தருக்குக் கொடுப்பது விடுதலை ஆகாது.

பவுல் அதைத்தான் ரோமர் 12-இல் எழுதுகிறார். உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், "இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை." சரீரம் என்கிறார், கவனியுங்கள். இந்த ஆராதனை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? தொடர்ந்து படியுங்கள். மாயமற்ற அன்பு. அந்நியரை உபசரிப்பது. அழுகிறவர்களுடனே அழுவது. பசித்திருக்கும் சத்துருவுக்குச் சாப்பாடு. 13-ஆம் அதிகாரம் போனால் வரி செலுத்துவதுகூட வருகிறது. இந்த இரண்டு அதிகாரங்களிலும் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பவுலுக்குப் பாட்டு பிடிக்காதா? சிறைச்சாலையில் நள்ளிரவில் பாடியவர் அவர். ஆனால் ஆராதனை என்னவென்று விளக்க உட்கார்ந்தபோது வாழ்க்கையைத்தான் விரித்துக் காட்டினார்.

ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னதை அவையோர் அறிவீர்கள். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று கர்த்தரே சொல்லும் இடம். நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

ஆதிச் சபை எப்படி இருந்தது என்று பார்ப்போம். கிறிஸ்தவர் சொன்னால் நம்மவர் பேச்சு என்பீர்கள். கிறிஸ்தவரை விசாரித்துத் தண்டித்த ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கி.பி. 112 வாக்கில் பித்தினியா பகுதியை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். விசாரணையில் என்ன தெரிந்தது? அவர்கள் குறித்த ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றி மாறி மாறிப் பாடுகிறார்கள். அதற்கடுத்து ஓர் ஆணை எடுத்துக்கொள்கிறார்கள். திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்மை நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மாட்டோம்.

நடுவர் அவர்களே, எதிரி எழுதி வைத்த குறிப்பு இது! பாட்டு இருக்கிறது, பாடிய வாயிலேயே ஆணையும் இருக்கிறது. ஆணையில் இருப்பதெல்லாம் என்ன? பணம், வீடு, பேச்சு, அடுத்தவன் பொருள். எல்லாம் மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது தேவைப்படுகிறவை. அந்தக் கடைசி ஆணையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

பிற்பாடு, நான்காம் நூற்றாண்டில், அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற சபைப் போதகர் மத்தேயு சுவிசேஷத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறார். "இது என் சரீரம்" என்று சொன்ன அதே வாய்தான் "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனம் கொடுக்கவில்லை" என்றும் சொன்னது என்றார். ஆலயத்துக்குள் அவரைப் பட்டு உடுத்தி மகிமைப்படுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையில்லாமல் கிடக்கிற அவரைக் கண்டுகொள்ளாமல் போகாதே என்றார். ஆலயத்துக்குக் காணிக்கை கொடுக்க வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. இதையும் செய்யுங்கள், அதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள் என்று ஒரு வரிசையைத்தான் வைத்தார்.

அந்த வரிசை கிறிசோஸ்தோம் கண்டுபிடித்தது இல்லை. மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. நீ பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். நடந்து போனால் மூன்று நாள் வழி என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். மூன்று நாள் நடந்து, கூட்டத்தில் நின்று, கடைசியில் பலிபீடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவனுக்கு அண்ணன் முகம் நினைவுக்கு வருகிறது. ஆண்டவர் சொல்வது: அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போ. மூன்று நாள் நட. பேசித் தீர். மறுபடி மூன்று நாள் நடந்து வா. ஒரு வாரம் பலிபீடத்துக்கு முன்னால் காணிக்கை காத்திருக்கட்டும், நானும் காத்திருக்கிறேன் என்கிறார் தேவன். அந்த ஒரு வார நடையை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? ஆராதனைக்கு வந்த இடைஞ்சல் என்பீர்களா? கால் வலிக்க அவன் நடந்த ஒவ்வொரு அடியும் ஆராதனை என்று நான் சொல்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எனக்கும் என் அண்ணனுக்கும் நான்கு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே சபைதான். அவர் இடப்பக்கம் மூன்றாம் வரிசை. நான் மேடையோரம் பாடற்குழுவில். கண் கண்ணைச் சந்திக்காமல் இருக்க, பின்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடியே பாடப் பழகியிருந்தேன். என் முகம் பரவசமாக இருக்கிறது என்று சிலர் என்னிடமே சொன்னார்கள். நான் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டைக்குக் காரணம், அம்மா கடைசி நாட்களில் என் கையில் கொடுத்த பணம். "இது அண்ணனுக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர் கேட்டபோது, அப்படி எதுவும் தரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடைசி ஆணையை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தேயு 5 வாசிக்கப்பட்டது. அன்றைக்கு மூன்றாம் வரிசையில் அண்ணன் இடம் காலியாக இருந்தது. காணிக்கைப் பாட்டு தொடங்கும் நேரம், பாட்டுப் புத்தகத்தை மூடி இருக்கையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கால் தானாக நடந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார், உடம்பு சரியில்லாத முகம். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இப்ப ஆராதனை நேரமாச்சே, நீ பாடலையா?"

"அதுக்குத்தான்ணே வந்தேன்" என்றேன்.

பணத்தை முழுவதும் கொடுத்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நான் பாடற்குழுவில் நிற்கவில்லை, யாரும் நிற்காதே என்று சொல்லாமலேயே. மறுபடி நின்ற முதல் நாள் மூன்றாம் வரிசையைப் பார்த்துத்தான் பாடினேன். குரல் பிசிறியது, சுருதி இறங்கியது. இத்தனை ஆண்டுகளில் நான் பாடிய முதல் பாட்டு அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது மத்தேயு 5:24-ஐ ஒருமுறை திறந்து பாருங்கள். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." எங்கள் அணி கேட்பது அந்த "முன்பு" என்ற சொல்லை மட்டும்தான். "பின்பு" என்பதை எதிரணி நண்பர்களுக்கே கொடுங்கள். அங்கே அவர்களோடு சேர்ந்து பாட நானும் வருகிறேன்.

நன்றி, வணக்கம்.